800 வாட்ஸ் என்றால் என்ன அர்த்தம், ஆசிரியரே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், வீடு கட்டுகிறவர்களுக்கான பக்கத்தில், கான்கிரீட்டில் ஓட்டை போடவும் கொத்தவும் என்ன மெஷின் வாங்கலாம் என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். குறைந்தது 800 வாட்ஸ் இருக்கும்படி பார்த்து வாங்குங்கள், அதற்கு மேல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று அதில் இருந்தது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் எனக்கு மூன்று போன். மூன்று பேரும் நான் வயரிங் செய்து கொடுத்த வீட்டுக்காரர்கள், மூன்று பேருக்கும் ஒரே கேள்வி. "அண்ணே, ஆயிரத்து ஐந்நூறு வாட்ஸ் ஒண்ணு ஆன்லைன்ல சல்லிசா கிடக்குது, போட்டுடவா?"

நான் திருச்சியில் 22 வருஷமாக எலக்ட்ரிக்கல் வேலை எடுத்துச் செய்கிறேன், நடுவில் இரண்டு வருஷம் ஷார்ஜாவில் ஹெல்பராக இருந்தேன். மெஷின் விற்கிறவன் இல்லை. எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட்டும் இல்லை. ஆனால் காசு கொடுத்து ஏமாந்த அனுபவம் நிறைய உண்டு, அந்தத் தகுதியில் எழுதுகிறேன். பக்கத்தில் போட்டிருந்த படத்தைப் பற்றியும் ஒரு விஷயம் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தனியாக வேலை எடுக்க ஆரம்பித்த வருஷம், கையில் இருந்த காசுக்கு ஒரு டிரில் வாங்கினேன். கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திருப்பி அதில் சுத்தியல் படம் போட்டிருப்பதைக் காட்டினார். "கான்கிரீட் எல்லாம் அடிச்சுத் தள்ளும் தம்பி" என்றார். செங்கல் சுவரில் நன்றாகத்தான் போனது, குறை சொல்ல முடியாது. அப்புறம் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு மாடி அறையில் ஃபேன் மாட்டக் கூப்பிட்டார்கள். கூரையில் கொக்கி விடவில்லை, 10 மி.மீ. ஓட்டை நாலு போட்டு கிளாம்ப் வைத்து மாட்ட வேண்டும். ஏணியில் ஏறி முதல் ஓட்டையை ஆரம்பித்தேன். அரை இஞ்ச் போனது, அதோடு நின்றுவிட்டது. மெஷின் கத்துகிறது, முனையில் மாட்டின பிட் சுற்றுகிறது, தூள் மட்டும் வரமாட்டேன் என்கிறது. தோளைக் கொடுத்து அழுத்தினேன், கீழே இருந்த பையன் என் காலைப் பிடித்துக்கொண்டான். பிட்டை வெளியே எடுத்தால் நுனி நீலம் பாய்ந்திருந்தது. புத்திசாலித்தனமாக அதைத் தண்ணீரில் முக்கி ஆற வைத்தேன், மறுபடி வைத்ததும் நுனியில் இருந்த கார்பைடு துண்டு கழன்று ஓட்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மெஷினிலிருந்து புகை.

கீழே பிளம்பிங் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் கூத்தைப் பார்த்துவிட்டு, அவருடைய மெஷினை எடுத்துக்கொண்டு வந்தார். பழைய மெஷின், பெயின்ட் எல்லாம் போய்க் கிடந்தது. நாலு விரற்கடை தள்ளி வைத்து ஸ்விட்சை அமுக்கினார். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை, இரண்டரை இஞ்ச் இறங்கிவிட்டது. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால் அவர் அழுத்தவே இல்லை, குழந்தையைப் பிடிப்பது மாதிரி சும்மா தாங்கிக்கொண்டிருந்தார். இறங்கி வந்ததும் அந்த மெஷினில் வாட்ஸ் எவ்வளவு என்று தேடிப் பார்த்தேன். 620. புகைந்துபோன என்னுடையது 650.

நான் வாங்கியது இம்பாக்ட் டிரில், அவர் வைத்திருந்தது ரோட்டரி ஹேமர். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் உங்கள் பெட்டிச் செய்தியின் முதல் தப்பு.

இம்பாக்ட் டிரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு தட்டுகள் இருக்கும். சுற்றும்போது ஒன்றின் பல் மேல் இன்னொன்று ஏறி இறங்கும், அதில் பிட் கடகடவென்று அதிரும். நிமிஷத்துக்கு 40,000 தடவைக்கு மேல் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். உண்மைதான், ஆனால் அது ஒவ்வொன்றும் விரலால் தட்டுகிற மாதிரி. அந்தத் தட்டுக்கு வலு வேண்டுமென்றால் நாம்தான் பின்னாலிருந்து அழுத்த வேண்டும். செங்கல் அதற்கே பொடியாகிவிடும். நம் ஊர் கான்கிரீட்டில் இருப்பதோ கருங்கல் ஜல்லி. பிட் நுனி ஒரு ஜல்லியின் மேல் போய் உட்கார்ந்தால் இந்தத் தட்டல் எல்லாம் அதற்குச் சொறிந்துவிடுவது மாதிரிதான்.

ரோட்டரி ஹேமர் வேறு ரகம். சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அமுக்கிப் பாருங்கள், உள்ளே அமுங்கின காற்று கைப்பிடியைத் திருப்பித் தள்ளும். அதே கதைதான். மோட்டார் ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் ஓட்டுகிறது, பிஸ்டனுக்கு முன்னால் காற்று, காற்றுக்கு முன்னால் ஒரு இரும்புக் கட்டை. அமுங்கின காற்று அந்தக் கட்டையை எறிய, அது போய் பிட்டின் வால் பக்கம் ஓங்கி அடிக்கிறது. நிமிஷத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான், ஆனால் ஒவ்வொன்றும் அடி. அடிப்பது காற்று, நாம் பிட்டை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தால் போதும். மூச்சைப் பிடித்து அழுத்தினால் அடியின் வலு குறையுமே தவிரக் கூடாது, புதுப் பையன்களுக்கு இதைப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும்.

கடையில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது ரொம்பச் சுலபம். பிட்டைப் பிடிக்க, மூன்று தாடை வைத்து, சாவி போட்டு முறுக்குகிற சக் இருந்தால் அது இம்பாக்ட் டிரில், கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் சரி. ரோட்டரி ஹேமரில் முன்னாலிருக்கும் வளையத்தைப் பின்னால் இழுத்து பிட்டைச் செருகுவீர்கள், டக்கென்று பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகும் பிட்டை முன்னும் பின்னும் ஆட்டினால் ஒரு சென்டிமீட்டர் போல ஆடும். பழுதென்று நினைத்து மாற்றிக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த ஆட்டம் இருந்தால்தான் அடி நேராக பிட்டுக்குப் போகும், சக்குக்குப் போகாது.

இந்த முறைக்கு எஸ்டிஎஸ் என்று பெயர். ஜெர்மன் மொழியில் செருகு, திருப்பு, உட்கார்ந்துகொள்ளும் என்பதன் முதல் எழுத்துகள். 1975இல் பாஷ், ஹில்டி என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து கொண்டுவந்தது. மெஷின் அதற்கு ரொம்ப முந்தையது, பாஷ் தன் முதல் ஹேமரை விட்டது 1932இல், ஹில்டியின் டிஇ 17 என்கிற மெஷின் வந்தது 1967இல். ஆனால் பெயர் வாங்கிக்கொண்டது பின்னால் வந்த ஹில்டிதான். ஷார்ஜாவில் மலையாளி, பாகிஸ்தானி, பெங்காலி எல்லோருக்கும் இடிக்கிற மெஷின் என்றாலே ஹில்டி, மேலே எந்தக் கம்பெனி பெயர் ஒட்டியிருந்தாலும். நம் மேஸ்திரிகளும் "அந்த ஹில்டிய எடுத்தா" என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, வாட்ஸுக்கு வருகிறேன். வாட்ஸ் என்பது மெஷின் கரண்ட்டை எவ்வளவு தின்கிறது என்பதற்கான கணக்கு. எவ்வளவு வேலை செய்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு பேர் ஒரே மாதிரி ஆறு இட்லி தின்றாலும் ஒரே மாதிரி மூட்டை தூக்கமாட்டார்கள். பார்க்க வேண்டியது ஒரு அடியின் பலம், அதை ஜூல் என்ற கணக்கில் போட்டிருப்பார்கள். உதாரணத்துக்கு, நம் பக்கம் அதிகம் பார்க்கிற பாஷ் ஜிபிஎச் 2-26 மெஷின் 800 வாட்ஸ், அடி 2.7 ஜூல், நிமிஷத்துக்கு 4,000 அடி வரை. பெருக்கி 60ஆல் வகுத்துப் பாருங்கள், சுத்தியல் பக்கம் போவது 180 வாட்ஸ்தான். மீதி பிட்டைச் சுற்றுவதற்கும் சூடாகவும் சத்தமாகவும் போகிறது. மகிதா எச்ஆர் 2470 என்று இன்னொன்று, 780 வாட்ஸ், 2.4 ஜூல். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வர்க்கம்தான், எதை வாங்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

2.7 ஜூல் என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். மளிகைக்கடை ஒரு கிலோ எடைக்கல்லை ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் மேலிருந்து காலில் போட்டால் விழுகிற அடி. அதற்கு அடுத்த வர்க்கம் ஆறேழு கிலோ எடையுள்ள மெஷின்கள், அவை எட்டு ஒன்பது ஜூல், அதே எடைக்கல்லை இடுப்பு உயரத்திலிருந்து போட்ட மாதிரி. வெறும் உடைக்கிற வேலைக்கு மட்டும் இருக்கும் பத்து கிலோ பிரேக்கர் பதினாறு, பதினேழு ஜூல், எடைக்கல் ஆள் உயரத்திலிருந்து விழுகிறது. இப்படிச் சொன்னால் என் வீட்டுக்காரிக்கே புரிந்துவிட்டது. ஆனால் ஒன்று, பெயர் தெரியாத சில மெஷின்களில் 1,500 வாட்ஸ், 8 ஜூல் என்று பெட்டியில் அள்ளிவிட்டிருப்பார்கள், எடையோ மூன்று கிலோகூட இருக்காது. நல்ல கம்பெனிகள் இந்த ஜூல் கணக்கை எப்டா என்கிற ஐரோப்பிய முறைப்படி அளந்து, அளந்த முறையையும் சேர்த்துப் போடுவார்கள். அது இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால், அதை ஜோசியக்காரன் சொன்ன எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மெஷின் பக்கவாட்டில் இருக்கும் திருகு. சுற்றுவது மட்டும், சுற்றிக்கொண்டே அடிப்பது, அடிப்பது மட்டும் என்று மூன்று நிலை இருக்க வேண்டும். சில மாடல்களில் முதல் இரண்டுதான் இருக்கும், கொஞ்சம் விலை குறையும். கொத்துகிற வேலை இருக்கிறது என்றால் அந்த மூன்றாவது இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள். என்னிடம் வேலை செய்த பையன் ஒருவன், அவசரத்தில் திருகை மாற்றாமல், பட்டை உளியை மாட்டிக்கொண்டு சுற்றி அடிக்கிற நிலையிலேயே ஸ்விட்சை அமுக்கிவிட்டான். உளி சுவரில் பைப் போக வெட்டியிருந்த காடிக்குள் மாட்டிக்கொண்டது, உளி சுற்றவில்லை, அதனால் மெஷின் சுற்றியது, மெஷினோடு சேர்ந்து அவன் மணிக்கட்டும். மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தான். மாட்டிக்கொண்டால் வழுக்கிவிடுகிற கிளட்ச் நல்ல மெஷினில் உண்டு, அந்த மெஷினிலும் இருந்தது, இல்லாவிட்டால் எலும்பே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதிலிருந்து பக்கவாட்டுக் கைப்பிடி மாட்டாமல் எவனும் மெஷினைத் தொடக்கூடாது என்பது என் சைட்டில் சட்டம்.

இப்போது பெரிய கேள்வி. ஓட்டையும் போட வேண்டும், கொத்தவும் வேண்டும், ஒரே மெஷின் போதாதா? போதும், ஆனால் எந்த அளவுக்கு என்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். இரண்டரை, மூன்று கிலோ மெஷினில் கொத்துகிற நிலை இருக்கிறது என்பதால் அது உடைக்கிற மெஷின் ஆகிவிடாது. ஸ்விட்ச் பாக்ஸ் உட்கார ஒரு குழி, கட்டர் போட்டு இரண்டு கோடு இழுத்த பிறகு நடுவில் இருக்கும் பூச்சையும் செங்கலையும் தட்டி எடுக்கிற காடி வேலை, நாலைந்து டைல்ஸ் பெயர்ப்பது, இதெல்லாம் அது பார்க்கும். தில்லை நகரில் ஒரு ஃப்ளாட்டில் பாத்ரூம் தரை முழுக்கப் பெயர்த்து, அடியில் இருந்த கான்கிரீட்டையும் எடுக்க வேண்டியிருந்தது. வாடகை மிச்சம் என்று என்னுடைய சின்ன மெஷினிலேயே ஆரம்பித்தேன். முதல் நாள் சாயங்காலம் கால்வாசி முடிந்திருந்தது, கை இரவு முழுக்க மரத்துப்போய்க் கிடந்தது, தண்ணீர் சொம்பு பிடித்தால் நழுவுகிறது. இரண்டாம் நாள் மெஷின் சுற்றுகிறது, ஆனால் அடிக்கவில்லை. பிரித்தபோது உள்ளே பிஸ்டனில் இருந்த ஓ-ரிங், கறுப்புக் கருவேப்பிலைத் துணுக்கு மாதிரி பிய்ந்து கிரீஸில் மிதந்துகொண்டிருந்தது. காற்றைப் பிடித்து வைப்பதே அந்த ரப்பர் வளையம்தான், அது போனால் பம்ப் வாயிலிருந்து விரலை எடுத்த மாதிரி. மூன்றாம் நாள் பத்து கிலோ பிரேக்கர் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தேன், மத்தியானம் டீ வருவதற்குள் தரை காலி.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது, "எத்தனை மில்லிமீட்டர் ஓட்டை, எத்தனை போடுவீங்க?" என்பதுதான். 6 மி.மீ. பிளாஸ்டிக் கிரிப்பிலிருந்து 12, 14 மி.மீ. ஆங்கர் வரைதான் வீட்டு வேலையில் பத்துக்கு ஒன்பது. அதற்கு எஸ்டிஎஸ் பிளஸ் என்கிற, 10 மி.மீ. தண்டு உள்ள பிட் போடுகிற, மூன்று கிலோவுக்கு உட்பட்ட மெஷின் தாராளம். பெட்டியில் 26 மி.மீ. வரை என்று போட்டிருக்கும், போடும்தான், ஆனால் அது மெஷின் முக்கி முக்கிப் போடுகிற எல்லை. தினமும் 20 மி.மீ.க்கு மேல் ஓட்டை போடுகிறவர்களும் கான்கிரீட்டை ஒழுங்காகக் கொத்துகிறவர்களும் எஸ்டிஎஸ் மேக்ஸ் என்கிற 18 மி.மீ. தண்டு மெஷினுக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் பிட் மாற்றிப் போட முடியாது, இதையும் கடையில் சொல்வதில்லை. பெரியதாக ஒன்றை வாங்கிவிட்டால் எல்லா வேலைக்கும் ஆகுமே என்பவர்கள், அந்த ஏழு கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிக் கூரையில் ஒரே ஒரு 8 மி.மீ. ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

கை மரத்துப்போனதைச் சும்மா ஒரு சலிப்புக்காகச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் 2002இலேயே இதற்குச் சட்டம் வைத்துவிட்டார்கள், கையில் ஏறும் அதிர்வு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று. சின்ன ரோட்டரி ஹேமர்கள் பலவற்றின் கையேட்டில், கான்கிரீட்டில் போடும்போது அதிர்வு 15 மீ/வி² என்ற அளவில் போட்டிருக்கும். அந்தச் சட்டத்தின் கணக்குப்படி, அப்படிப்பட்ட மெஷினை விடாமல் பிடித்தால் கால் மணி நேரத்துக்குள் எச்சரிக்கை அளவு, ஒரு மணி நேரத்துக்குள் உச்ச வரம்பு. நம் பையன்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை பிடிக்கிறார்கள். வருஷக்கணக்கில் இப்படிப் போனால் விரல் வெளுத்து மரத்து, சட்டை பொத்தான் போடக்கூட வராமல் போகும். அதிர்வைக் குறைக்கிற கைப்பிடி வைத்த மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதை நான் வீண் செலவாக நினைக்கவே மாட்டேன்.

மெஷினுக்குப் பத்தாயிரம் கொடுக்கிறவர்கள் பிட்டுக்கு நூறு ரூபாய் யோசிக்கிறார்கள், இது எனக்குப் புரிவதே இல்லை. கான்கிரீட்டில் கம்பி இருக்கிறது. இரண்டு வெட்டு உள்ள சாதா பிட் கம்பியைத் தொட்டால் நுனி சில்லு சில்லாகப் போய்விடும், நாலு வெட்டு உள்ளது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஓட்டையும் வட்டமாக வரும். காதை வைத்தே கண்டுபிடிக்கலாம், டொக் டொக்கென்று போய்க்கொண்டிருந்த சத்தம் திடீரென்று கிண்ணென்று மாறும், சாம்பல் தூளில் மினுக்மினுக்கென்று இரும்புப் பொடி தெரியும். அங்கே நிறுத்திவிட்டு இரண்டு இஞ்ச் தள்ளிப் போட வேண்டும், மல்லுக்கட்டக் கூடாது. ஜல்லி என்றால் சத்தம் மாறாது, வேகம் மட்டும் குறையும், கொஞ்சம் பொறுத்தால் உடைந்துவிடும். அப்புறம், செருகும் முன்னால் பிட்டின் வாலில் ஒரு துளி கிரீஸ். சக்கின் வாயில் இருக்கும் ரப்பர் மூடி கிழிந்தால் உடனே மாற்றுங்கள், கூரையில் போடும்போது தூள் முழுக்க அது வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது.

இனி சொல்வது மெஷினைப் பற்றி அல்ல, ஆனால் இதைச் சொல்லாமல் மெஷினைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. கையில் ஹேமர் வந்துவிட்டால் தூண், பீம் எதையும் பார்ப்பதில்லை. ஏசி பைப் போக வேண்டும், நாலு இஞ்ச் டிரெயினேஜ் பைப் போக வேண்டும் என்று பீமைச் சுற்றிச் சுற்றிக் குத்தி, கம்பியை அறுத்து, கடைசியில் சிமென்ட் வைத்துப் பூசிவிடுகிறார்கள். நான் போவதற்குள் நடந்து முடிந்திருந்ததை இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன். ஐஎஸ் 456 என்கிற நம் கான்கிரீட் விதியில் தூணின் கம்பிக்கு மேல் 40 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும் என்றும், சாதாரண வீட்டுக் கூரை ஸ்லாப்புக்கு 20 மி.மீ. என்றும் வைத்திருக்கிறார்கள். அதாவது தூணில் காடி அடித்துக்கொண்டு போனால் ஒன்றரை இஞ்சில் கம்பிமேல்தான் முட்டுவீர்கள், அந்தக் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் மூடியை எடுத்துவிட்டீர்கள். சுமை தாங்குகிற செங்கல் சுவரில்கூட நெட்டுக்காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, படுக்கைக்காடி ஆறில் ஒரு பங்கு. 9 இஞ்ச் சுவர் என்றால் படுக்கையில் ஒன்றரை இஞ்ச்தான். பெரிய ஓட்டைக்கு கோர் கட்டிங் என்று இருக்கிறது, வைரப்பல் வைத்த குழாய் தண்ணீர் விட்டு அறுத்துக்கொண்டு போகும், அடி கிடையாது, சுற்றுவட்டாரம் அதிராது. அதையும் பீமில் எங்கே போடலாம் என்று இன்ஜினியரைக் கேட்டுவிட்டுத்தான். லைட் வெயிட் பிளாக் சுவரில் சுத்தியல் நிலையே வேண்டாம், சும்மா சுற்றினாலே இறங்கும், அடித்தால் ஓட்டை கிணறாகிவிடும்.

கூரையில் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. நம் வீடுகளில் லைட் பாயின்ட்டுக்குப் போகிற பைப் ஸ்லாப்புக்குள்தான் ஓடுகிறது. ஃபேன் பாக்ஸிலிருந்து ஸ்விட்ச்போர்டு பக்கம் போகும் கோட்டில் ஓட்டை போடாதீர்கள். மெஷினைக் கைப்பிடியில் மட்டும் பிடியுங்கள், பிட் உயிருள்ள வயரைத் தொட்டால் முன்பக்க இரும்பு முழுக்கக் கரண்ட் வரும். கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டிவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இல்லை என்றால் நான் மெஷினை எடுப்பதற்கு முன்னால் அதை மாட்டச் சொல்கிறேன், காசுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள், நினைத்துக்கொள்ளட்டும். மாடியிலிருந்து மெல்லிய வயரில் ஐம்பது மீட்டர் இழுத்த ஜங்ஷன் பாக்ஸில் மெஷினை ஓட்டி, மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சரை எரித்துவிட்டு, கம்பெனி சரியில்லை என்பவர்களும் உண்டு.

தூசு. கான்கிரீட் தூளில் சிலிகா இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் அது வெளியே வராது. அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலைக்கு, ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்று 2016இல் விதி போட்டார்கள். அளக்கிற கருவி எல்லாம் நம்மிடம் எங்கே இருக்கிறது? டீ குடித்த பேப்பர் கப்பின் அடியில் ஓட்டை போட்டு பிட்டில் கோர்த்துக்கொண்டால் கூரைத் தூள் பாதி அதில் விழும், மீதிக்கு நல்ல மாஸ்க். முகத்தில் கைக்குட்டை கட்டுவது கல்யாண வீட்டில் சமையல்காரர் தலையில் துண்டு கட்டுவது மாதிரி, ஒரு திருப்திக்குத்தான்.

வீட்டுக்காரர்களுக்கு நேரடியாக ஒரு வார்த்தை. வருஷத்துக்கு நாலு படம் மாட்டவும் ஒரு திரைச்சீலைக் கம்பி போடவும் என்றால் உங்களுக்கு ரோட்டரி ஹேமரே வேண்டாம், செங்கல் சுவருக்கு இம்பாக்ட் டிரில்லே போதும், கூரையில் வேலை வரும்போது யாரையாவது கூப்பிடுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். வாங்கித்தான் தீருவேன் என்றால் சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா, மோட்டாரில் தேய்ந்துபோகிற கார்பன் பிரஷ்ஷும் ஓ-ரிங்கும் கடையில் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், பெட்டியில் இருக்கும் இலவச பிட் எத்தனை என்று எண்ணாதீர்கள்.

ஆசிரியருக்கு என் கோரிக்கை இரண்டு. உங்கள் பத்திரிகையில் இந்த மெஷின் விளம்பரங்கள் பண்டிகை நேரத்தில் அரைப்பக்கம் வருகின்றன, எல்லாவற்றிலும் வாட்ஸ் கொட்டை எழுத்தில், ஜூல் எங்கேயுமே இல்லை. விளம்பரத்தில் என்ன போட வேண்டும் என்று நீங்கள் சொல்ல முடியுமோ முடியாதோ, உங்கள் சொந்தப் பக்கத்தில் எழுதும்போதாவது ஜூல், எடை, மூன்று நிலை, அதிர்வு என்று நாலையும் சேர்த்துப் போடுங்கள். வாட்ஸையும் வேண்டுமானால் ஒரு மூலையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அந்தப் படம். கூரையில் ஒருவர் ஓட்டை போடுகிற மாதிரி இருந்தது. ஏணியின் உச்சிப் படியில் நிற்கிறார், காலில் ரப்பர் செருப்பு, கண்ணாடி இல்லை, தூள் நேரே முகத்தில் கொட்டும்படி அண்ணாந்து பார்க்கிறார், பக்கவாட்டுக் கைப்பிடியைக் கழற்றி வைத்திருக்கிறார். கையில் இருப்பது சாவி போட்டு முறுக்குகிற சக் வைத்த மெஷின், அதில் மாட்டியிருப்பது இரும்புக்குப் போடுகிற கறுப்பு பிட். அதை வைத்துக்கொண்டு அவர் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை படம் எடுக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், ஏதாவது ஒரு சைட்டில் பையன்கள் வேலை செய்துகொண்டுதான் இருப்பார்கள், கண்ணாடி போடச் சொல்லி நிறுத்தி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன், ஒரு எலக்ட்ரீஷியன்,
திருச்சிராப்பள்ளி.